தத்தெடுத்த நாய்க்கு ஆபரேஷன் கட்டாயமா? வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

காப்பகத்திலிருந்து நாய், பூனை தத்தெடுப்பது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: 'கருத்தடை ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்களே, அது அவசியமா?' அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

போன டிசம்பரில் ஒரு காப்பகத்திலிருந்து மூன்று மாதப் பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்தோம். ஆறு மாதம் முடிந்ததும் கருத்தடை செய்துவிடுவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். இப்போது அங்கிருந்து ஒரு பெண் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து 'தேதி வாங்கியாச்சா?' என்கிறார். நாங்கள் நாயை வெளியே விடுவதே இல்லை. எங்கள் மேல் நம்பிக்கை இல்லையென்றால் எதற்குக் கொடுத்தார்கள்? (வாசகர், முகப்பேர், சென்னை)

உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் அந்தப் பெண் எங்கே உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு போன் செய்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு காப்பகத்துக்குப் போகிறேன். காலையில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போது வெளியே ஏதாவது ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். மழை நாளில் ஒருமுறை வந்தது பிஸ்கட் பெட்டி. மேலே டேப் ஒட்டி, காற்று போகட்டும் என்று பேனாவால் நாலு ஓட்டை குத்தியிருந்தார்கள். உள்ளே கிழிந்த நைட்டித் துணி மேல் கண் திறக்காத ஐந்து குட்டிகள். தொப்புள்கொடி இன்னும் முழுக்கக் காயவில்லை. இரண்டு ஏற்கனவே சில்லிட்டுப் போயிருந்தன. மற்ற மூன்றுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்லரில் பால் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றுதான் தேறியது. தெருநாயின் குட்டிகளை யாரும் நைட்டித் துணி விரித்து, டேப் ஒட்டிக் கொண்டுவர மாட்டார்கள். அது ஒரு வீட்டிலிருந்து வந்த பெட்டி. அந்த வீட்டுக்காரர்களும் கெட்டவர்கள் இல்லை, பேனாவால் ஓட்டை போட்டிருக்கிறார்களே.

'வெளியே விடுவதே இல்லை' என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் பெட்டை நாய் சுமார் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அது ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். அந்த வாசனைக்கு எங்கெங்கோ இருக்கும் கடுவன்கள் எல்லாம் உங்கள் வாசலில் வந்து படுக்கும். சிலிண்டர் போட வருகிறவருக்கு கேட்டைத் திறந்தீர்கள், அந்த இரண்டு நிமிடம் போதும். சேர்ந்துவிட்டால் பதினைந்து இருபது நிமிடம் பிணைந்தே இருக்கும், தண்ணீர் ஊற்றிப் பிரிக்கப் பார்த்தால் இரண்டுக்கும் காயம்தான் ஆகும். அப்புறம் 63 நாள். நாட்டு நாய்க்கு ஐந்தாறு குட்டி சர்வ சாதாரணம். காப்பகத்தின் கணக்கில் ஒன்று வெளியே போய் ஆறு உள்ளே வந்தால், தத்துக் கொடுத்ததற்கே அர்த்தமில்லை.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2023ல் மத்திய அரசு கொண்டுவந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, வீட்டில் வளர்க்கும் பிராணிக்குத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை மூன்றும் உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் வீடு வீடாக வந்து பார்க்க ஆள் கிடையாது. அந்த வேலையைத்தான் அந்தப் பெண் போனில் செய்துகொண்டிருக்கிறார், அதுவும் பெரும்பாலும் சம்பளமில்லாமல், தன் ஆபீஸ் சாப்பாட்டு இடைவேளையில்.

காப்பகங்களுக்கும் ஒன்று சொல்வேன். வளர்ந்த நாயாக இருந்தால் ஆபரேஷனை முடித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், கையெழுத்தை மட்டும் நம்பக்கூடாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், காப்பக நாய் புது வீட்டுக்குப் போகும் முன்பே ஆபரேஷன் முடிந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அந்த நாட்டில் எட்டு வாரக் குட்டிக்கே செய்துவிடுகிறார்கள். அவ்வளவு சின்னக் குட்டிக்கு மயக்க மருந்து கொடுக்க, உடம்புச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளும் வசதியும் பழகிய கையும் வேண்டும். நம் ஊரில் எல்லா இடத்திலும் அது இல்லை. அதனால்தான் குட்டிகளை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். உங்களுடையது ஆறு மாதம் தாண்டிவிட்டது. இந்த வாரமே தேதி வாங்கி அந்தப் பெண்ணுக்கு அனுப்புங்கள். போன் நின்றுவிடும்.

நாய்க்கு எட்டு மாதம். 'ஒரு ஈத்தாவது போடட்டும், தாயாகவே விடாமல் பண்ணுவது பாவம்' என்று என் மாமியார் பிடிவாதமாக இருக்கிறார். ஒரு தடவை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்றும் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகி, கோவில்பட்டி)

உண்மையில்லை. ஒரு ஈத்து போட்டால் நாயின் உடம்புக்கு நல்லது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. நாய் 'நமக்குக் குழந்தை இல்லையே' என்று ஏங்குவதும் இல்லை.

ஆனால் உங்கள் மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மாடும் ஆடும் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவராக இருந்தால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஈத்தும் வரவு. கன்று விழுந்தால் பால், குட்டி விழுந்தால் சந்தை. பிறக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் காத்திருக்கும். நாய்க்குட்டிக்கு அப்படி இடம் காத்திருப்பதில்லை. அவரையே ஒரு தாளில் ஆறு வீட்டுப் பெயர் எழுதச் சொல்லுங்கள், நாய் வேண்டும் என்று இப்போதே சொல்லக்கூடிய ஆறு வீடு. மூன்றாவது பெயரிலேயே பேனா நின்றுவிடும். அந்த மூன்று பேரும் கடுவனாக இருந்தால்தான் கேட்பார்கள். 'பெட்டையா? வேண்டாம்மா' என்கிற பேச்சை நான் கேட்காத வாரம் இல்லை. பெட்டிக்குள் வருவதில் பெட்டைகள் அதிகமாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

பாவம் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் கூடிக்கொண்டே போகும். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் வரும். தண்ணீராகக் குடிக்கும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும். சிலவற்றுக்குப் பின்பக்கம் சீழ் வடியும், சிலவற்றுக்கு வடியாமல் உள்ளேயே கட்டிக்கொள்ளும், அதுதான் இன்னும் ஆபத்து. தத்தெடுக்கும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு 'பாவம்' என்று தள்ளிப்போட்ட ஒரு குடும்பம், ஒன்பது வயதில் அந்த நாயைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தது. ஆரோக்கியமான கருப்பை இந்த அளவு நாய்க்குப் பென்சில் கனம்தான் இருக்கும். அன்று நான் வெளியே எடுத்தது என் முன்னங்கை கனம். உள்ளே கையை விடும்போதே வெடித்துவிடுமோ என்ற பயம். ஐந்து நாள் டிரிப் ஏற்றி எப்படியோ பிழைத்தது. எட்டு மாதத்தில் செய்திருந்தால் முக்கால் மணி நேர வேலை, அன்று சாயங்காலமே வீடு.

மார்புக் கட்டியும் அப்படித்தான், சீக்கிரம் கருத்தடை செய்தவற்றுக்கு வருவது குறைவு என்பது எங்கள் அனுபவம். எவ்வளவு குறைவு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் வாதம் உண்டு, அதையும் மறைக்கவில்லை. இன்னொன்று, நம் ஊர் தெருநாய்களிடம் சேரும்போது தொற்றுகிற ஒரு வகைப் புற்றுக்கட்டி இருக்கிறது. காலிஃப்ளவர் மாதிரி, தொட்டால் ரத்தம் வரும். வாராவாரம் ஊசி போட்டுத்தான் குணமாக்க வேண்டும். ஒரே ஒரு ஈத்துக்காகச் சேர விட்டாலும் அது வரலாம்.

கடுவன்தானே, அது குட்டியா போடப்போகிறது? அதற்கும் ஏன் செய்யச் சொல்கிறார்கள்? செய்தால் மந்தமாகி, வீட்டுக் காவலுக்கு ஆகாமல் போய்விடாதா? (வாசகர், திருச்சி)

ஒரு பெட்டை வருடத்துக்கு இரண்டு ஈத்து போடலாம். ஒரு கடுவன் ஒரே சீசனில் எத்தனை பெட்டையைச் சினையாக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குட்டிகள் உங்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

காவல் விரைப்பையில் இல்லை. தன் வீடு, தன் ஆட்கள் என்ற உணர்வில் குரைக்கிறது, அது எங்கும் போகாது. குறைவது வேறு: பெட்டை வாசனைக்குச் சுவர் ஏறி ஓடுவது, வண்டிச் சக்கரத்துக்கெல்லாம் காலைத் தூக்குவது, தெருவில் சண்டை போட்டுக் காது கிழிந்து வருவது. பெட்டையைத் தேடி ரோட்டைக் கடந்து அடிபட்டு வருகிற கடுவன்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஆனால் பயத்தில் கடிக்கிற நாய் ஆபரேஷன் செய்ததும் கடிப்பதை நிறுத்திவிடும் என்று நினைக்காதீர்கள், அதற்குப் பழக்கம்தான் வேண்டும். மந்தம் என்பது தீனியால் வருவது. ஆபரேஷனுக்குப் பிறகு அதன் தேவை குறையும், நாம் பழைய அளவே வைப்போம், குண்டாகிவிடும். தட்டில் கால் பங்கைக் குறையுங்கள், தினமும் நடக்க விடுங்கள்.

பெரியவர்கள் பலருக்கு காயடித்தல் என்றதும் காளை மாட்டுக்குக் கிட்டி போட்டு நசுக்கியது ஞாபகம் வருகிறது. இது அது இல்லை. முழு மயக்கத்தில், சின்னக் கீறலில், பெட்டைக்கு ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகாமல் முடியும். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். செய்த பிறகும் ஒரு மாதத்துக்குப் பெட்டை பக்கம் விடாதீர்கள், உள்ளே மிச்சமிருக்கும் விந்தணுவே சினையாக்கும். விதை ஒன்றுதான் கைக்குத் தட்டுப்படுகிறது என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இறங்காத விதை வயிற்றுக்குள் இருந்து பின்னாளில் புற்றாக மாறக்கூடும்.

எங்களுடையது யாரோ வளர்க்க முடியாமல் காப்பகத்தில் விட்ட லேப்ரடார், ஏழு மாதம். காப்பகத்தில் உடனே செய் என்கிறார்கள், எங்கள் டாக்டர் ஒன்றேகால் வயதாகட்டும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகர், வேலூர்)

டாக்டர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பெரிய ஜாதி நாய்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013ல் கோல்டன் ரெட்ரீவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தவற்றுக்கு மூட்டுக் கோளாறு அதிகம் என்று தெரிந்தது. அப்புறம் லேப்ரடாரையும் பார்த்தார்கள், அதிலும் ஓரளவு அப்படித்தான். பதினைந்து இருபது கிலோ நாட்டு நாய்க்கு இந்தக் கவலை பெரும்பாலும் கிடையாது, அதனால் இதைக் காரணமாகக் காட்டி எல்லோரும் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் டாக்டரிடம் 'இந்த மாதத்தில் செய்கிறோம்' என்று தேதியோடு ஒரு கடிதம் வாங்கிக் காப்பகத்தில் கொடுங்கள். நியாயமான எந்தக் காப்பகமும் அதை ஏற்கும். அதுவரை வாரைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும், மொட்டைமாடியானாலும் சரி.

தெருவில் சாப்பாடு வைத்துப் பழகிய நாயை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டோம். ஏற்கனவே ஆபரேஷன் ஆனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, சேலம்)

காதைப் பாருங்கள். மாநகராட்சியோ விலங்கு நல அமைப்போ கருத்தடை செய்து விட்ட தெருநாய்க்குக் காது ஓரத்தில் சின்னதாக வெட்டியிருப்பார்கள், சண்டையில் கிழிந்த காது மாதிரி இல்லாமல் ஒழுங்காக இருக்கும். வெட்டு இல்லையென்றால் வயிற்று முடியைச் சிரைத்துத் தழும்பு தேட வேண்டும், சில இடங்களில் விலாவுக்குக் கீழே பக்கவாட்டிலும் செய்வார்கள். அப்போதும் சந்தேகம் என்றால் ஸ்கேன். தெரியாமல் இரண்டாம் முறை வயிற்றைத் திறப்பது வேண்டாத வேலை. 2025 ஆகஸ்டில் தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், தத்தெடுத்தவர்கள் அந்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள், இனி அது உங்கள் நாய்.

பூனைக்குட்டி, ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இரண்டு நாளாக ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டு தரையில் உருள்கிறது. அடுக்குமாடியில் எல்லோரும் சண்டைக்கு வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாத்திரை சொன்னார், கொடுக்கலாமா? (வாசகி, கோவை)

கொடுக்காதீர்கள். அது ஹார்மோன் மாத்திரை. அந்த நேரத்துக்குக் கத்தல் நிற்கும், ஆனால் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கருப்பையில் சீழும் மார்பில் கட்டியும் வருவதைப் பார்த்திருக்கிறேன். நாய்க்குப் போடும் 'தள்ளிப்போடுகிற' ஊசியும் இதே கதைதான்.

உங்கள் குட்டிக்கு நோய் ஒன்றும் இல்லை, பருவத்துக்கு வந்திருக்கிறது. பூனை நாலு, ஐந்து மாதத்திலேயே வந்துவிடும். வெயில் குறையாத நம் ஊரில் அதற்கு ஓய்வு மாதமும் பெரிதாகக் கிடையாது. சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கத்தும். சேர்ந்தால் இரண்டு மாதத்தில் குட்டி, அந்தக் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை. பூனை விஷயத்தில் 'ஆறு மாதம் ஆகட்டும்' என்று காத்திருந்தால் பல நேரம் சினையோடுதான் கொண்டுவருவீர்கள். நாலு மாதம் முடிந்து, தடுப்பூசி போட்டு, ஒன்றரை இரண்டு கிலோ இருந்தால் செய்துவிடலாம். இப்போது ஜன்னலுக்கு வலை அடித்து உள்ளேயே வையுங்கள், கத்தல் அடங்கியதும் கொண்டுபோங்கள். நாயாக இருந்தால் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொல்வேன், அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் அதிகம். பூனைக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை.

தனியார் கிளினிக்கில் கேட்ட தொகை எங்களால் முடியாது. சின்ன ஊரில் இருப்பவர்கள் என்ன செய்வது? (வாசகர், பட்டுக்கோட்டை)

முதலில் நாயைத் தந்த காப்பகத்திடமே கேளுங்கள். பல இடங்களில் தங்களிடமிருந்து போன பிராணிக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ செய்து தருவார்கள், நாம்தான் கேட்பதில்லை. அப்புறம் அரசு கால்நடை மருத்துவமனை. மாட்டாஸ்பத்திரி என்று ஒதுக்காதீர்கள், பெரிய மருத்துவமனைகளில் நாய், பூனைக்கும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே? சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலியிலும் கல்லூரி இருக்கிறது. முன்பே போய்ப் பதிந்து, ரத்தப் பரிசோதனைக்கும் சேர்த்து நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் சனிக்கிழமை எங்கள் நாய்க்கு ஆபரேஷன். நானும் என் பெண்ணும் மட்டும்தான் வீட்டில். பயமாக இருக்கிறது, முதல் ராத்திரி எப்படிப் பார்த்துக்கொள்வது? (வாசகி, தூத்துக்குடி)

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பாடு வேண்டாம். பாவமாகப் பார்க்கும், பிஸ்கட்டும் கூடாது. மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கே அதன் மேலுதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று இரண்டு பேரும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலிலோ சோபாவிலோ படுக்க வைக்காதீர்கள், தள்ளாடி விழும். தரையில் பழைய போர்வையை மடித்துப் போடுங்கள். ஃபேன் நேராக வேண்டாம், மயக்கம் தெளியும்போது உடம்பு குளிரும், நடுங்கும். முனகும், சில நாய்கள் யாரோ அடித்த மாதிரி அழும். அது பெரும்பாலும் மயக்க மருந்தின் வேலை, உங்கள் பெண் பயந்துவிடாமல் முன்பே சொல்லி வையுங்கள். நன்றாக எழுந்து நிற்கும்வரை தண்ணீர்கூட வைக்காதீர்கள். நின்றதும் இரண்டு வாய் தண்ணீர், அப்புறம் கொஞ்சம் தயிர்சாதம் போதும்.

வலிக்கிறதே என்று நாம் போடும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பாராசிட்டமால் ஒரு பூனையைக் கொன்றுவிடும், ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டும். தையல் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். கழுத்தில் மாட்டும் கோனைப் பாவம் பார்த்துக் கழற்றினால், நாக்காலேயே ஒரு மணி நேரத்தில் தையலைப் பிரித்துவிடும். கோன் போட விடவே மாட்டேன் என்கிறதா, உங்கள் பெண்ணின் பழைய டி-ஷர்ட்டை மாட்டி, கீழே முடிச்சுப் போட்டு விடுங்கள். பத்து நாள் குளியல் கிடையாது, மாடிப்படி ஏறி ஓட விடக்கூடாது.

காலையும் மாலையும் தையலைப் பாருங்கள். லேசான சிவப்பு பரவாயில்லை. வீங்கி நாற்றம் அடித்தாலோ, ஒரு நாள் தாண்டியும் சாப்பிடாவிட்டாலோ டாக்டரிடம் போங்கள். முதல் ராத்திரி மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அந்த ஈறைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பார்த்த இளஞ்சிவப்பு இல்லாமல் வெளிறிப் போயிருந்தால் உள்ளே ரத்தம் கசியலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சனிக்கிழமை கிளினிக்கிலிருந்து கிளம்பும்போதே, ராத்திரி எந்த எண்ணில் கூப்பிட வேண்டும், யார் எடுப்பார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.